மற்றும் குடும்பத்தார்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, ஹாலந்துக்குப் போக வேண்டிய ஆயிரத்து எண்ணூறு கறுப்புப் பனியன்களின் முதுகில் ஆறு பெண்களின் பெயர் விடுபட்டிருப்பதைக் கிளாடிஸ் பார்த்தாள்.

அவிநாசிக்கு வெளியே மங்கலம் சாலையில் இருந்த லட்சுமணசாமியின் பனியன் கம்பெனியில் அவள் செக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளர். தைத்து வரும் பனியன்களை நீள மேசையில் விரித்து, பிசிர் நூலை வெட்டி, ஓட்டை, கறை, கோணல் தையல் உண்டா என்று பார்ப்பது அங்கிருந்த பதினொரு பெண்களின் வேலை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தனியே போடுவார்கள். குறையில்லாதது பெட்டிக்குள் போகும். கடைசியில் பெட்டியின் மேல் கிளாடிஸின் முத்திரை விழும். அந்த முத்திரை இல்லாமல் இதுவரை ஒரு பெட்டியும் லாரி ஏறியதில்லை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டியவர்கள். அவளைக் கோயமுத்தூரில் மிஷன் பள்ளி விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். அங்கே கற்ற இங்கிலீஷால் கம்பெனிக்கு வரும் கடிதங்களையும் பேக்ஸ்களையும் படித்துச் சொல்வதும் அவள் பொறுப்பில் சேர்ந்தது. ஆகவே இந்த ஆர்டரோடு வந்த கடிதத்தை முதலில் படித்தவளும் அவளே.

எழுதியவள் யோலந்தா என்ற பெண். ஹாலந்தில் ஒரு துறைமுக ஊர். அங்கே ராப் என்று ஒன்று சொல்கிறார்கள். முழுக்கப் பாட்டும் இல்லை, வெறும் பேச்சும் இல்லை. தாளத்துக்குள் சொற்களை அடுக்கி மூச்சுவிடாமல் சொல்வது. பத்து வருஷத்துக்கு முன்பு அந்த ஊர்ப் பையன்கள் பதின்மூன்று பேர் அதை ஆரம்பித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகை எழுதாததை யோலந்தா எழுதியிருந்தாள். பையன்கள் எல்லாரும் அமெரிக்காக்காரர்களைப் போல இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளும் மார்யா என்ற சிநேகிதியும்தான் முதலில் தங்கள் டச்சு மொழியில் சொன்னார்கள். சபை சிரித்தது. ஒரு வருஷம் கழித்துப் பையன்களும் டச்சுக்கு வந்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. இங்கா என்பவள் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள்; அதன் பின்னறையில்தான் எல்லாருக்கும் பயிற்சி. தாளத்துக்கு இசைத்தட்டைச் சுழற்றியவள் ஷிர்லி. ரேடியோவில் சனிக்கிழமைதோறும் இவர்களைப் பற்றிப் பேசி ஊருக்குத் தெரியவைத்தவள் நாடியா. பையன்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவள் ரெனே. பத்திரிகைகளில் இந்த ஆறு பேரும் ஒரே வரியில் வந்தார்கள்: ‘பையன்களும் அவர்களுடைய தோழிகளும்.’

‘இது பத்தாம் வருஷ விழா. பனியனின் முதுகில் பத்தொன்பது பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். இதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்’ என்று கடிதம் முடிந்தது. கூடவே, அச்சடிக்க வேண்டிய பெயர்கள் பதிந்த ஃபிலிமும், ஆறு பெண்களும் சேர்ந்து பதிவு செய்த ஒரு கேசட்டும், பத்தொன்பது பேரும் அதே பெயர் வரிசையில் நிற்கும் ஒரு போட்டோவும் வந்திருந்தன.

இப்போது கிளாடிஸின் கையில் இருந்த பனியனில் பதின்மூன்று பெயர்கள் இருந்தன. பதினான்காம் வரியில், இங்கிலீஷில், அதே அளவு எழுத்தில், ‘அண்ட் ஃபேமிலி’ என்று இருந்தது.

அவள் பனியனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் இருந்த பிரிண்டிங் கொட்டகைக்குப் போனாள். பிரிண்டிங் மாஸ்டர் வேலன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனியன் வேலைக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அவிநாசித் தேர்வீதியில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர். கோணல் இல்லாமல், மை கசியாமல் அடிப்பதில் அவருக்கு நல்ல பெயர் உண்டு.

“வேலண்ணா, ஃபிலிம்ல பத்தொம்பது பேரு இருந்துச்சுங்களே. பதிமூணுதான் வந்திருக்குது?”

“ஆமாங்க அம்மணி. பிரேமுக்குள்ள அடங்கலீங்க. பெரிய பிரேம் திருப்பூர்ல இருந்து வரோணும்னா மூணு நாளாகும்னாங்க. அதான் கடைசி ஆறையும் சுருக்கிப்போட்டேன்.”

“சுருக்கிப்போட்டீங்களா?”

“போட்டோவப் பாத்தனுங்க. கடைசி ஆறும் பொம்பளைங்க. மேல இருக்கறவிய ஊட்டுப் பொம்பளைங்கதானுங்களே. கல்யாணப் பத்திரிகையில எப்பவும் அப்படித்தானுங்க போடறது. எழுத்து ஒரே அளவுதானுங்க, பாருங்க.” சற்று நிறுத்திவிட்டு, “ஏனுங், தப்புங்களா?” என்றார்.

கேட்ட முகத்தில் கபடம் ஒன்றும் இல்லை. வேலையை நன்றாகச் செய்தவனுக்கு உரிய சிறு பெருமைதான் இருந்தது. பத்திரிகையில் இடம் போதாவிட்டால் பெண்களின் பெயரை எடுத்துவிட்டு ‘மற்றும் குடும்பத்தார்’ போடுவது, அவர் அறிந்த வரையில், மரியாதையான வழி. கிளாடிஸுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “தப்புதானுங்க வேலண்ணா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

மேசைக்கு வரும் வழியில் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பதினொரு வருஷமாக அவள்தான் தங்கள் கிறிஸ்தவ சபையில் ஆர்மோனியம் வாசிக்கிறாள். போன வருஷம் சபை நாள் மலரில், ஊழியம் செய்தோர் பட்டியலில், ‘ஆர்மோனியம்: டேவிட்சன் குடும்பத்தார்’ என்று அச்சாகி வந்தது. டேவிட்சன் அவள் புருஷன். சிங்காநல்லூரில் மில் வேலை. ஆர்மோனியத்தைத் தூக்கி வைப்பதைத் தவிர அதோடு அவருக்கு வேறு சம்பந்தம் இல்லை. அன்றைக்கு அந்த வரியைப் படித்துவிட்டு, ஆண்டவருக்குத் தெரியும் என்று மலரை மடித்து வைத்தாள். ஆண்டவருக்குத் தெரியும் என்பதில் இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யோலந்தா கேட்டது ஆண்டவருக்குத் தெரிய வேண்டும் என்று அல்ல.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டேப்ரிக்கார்டரில் அந்தக் கேசட்டைப் போட்டாள். வழக்கமாக அங்கே சினிமாப் பாட்டு ஓடும். பெண்கள் தூக்குப்போசியைத் திறந்தபடி காதைச் சாய்த்தார்கள்.

“ஆத்தாடி, மூச்சே உடாம பேசறாளே. நடுவுல தண்ணி கிண்ணி குடிக்க மாட்டாளா?” என்றாள் ஒருத்தி.

“உக்கடம் பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் ஊர் பேரு கூப்பிடறாப்பல இருக்குது” என்றாள் சாந்தாமணி. “பொள்ளாச்சி ஆனைமலை, பொள்ளாச்சி ஆனைமலைன்னு.”

“எனக்குப் புரியுதாக்கும்” என்றாள் பூவாத்தாள். அவள் வேலனின் மனைவி. பிசிர் வெட்டுவதில் அவள் கைக்கு ஈடு அந்த மேசையில் இல்லை. “இது எங்க மாமியா ஊட்டுச் சண்டைதான். இவ வாயத் தொறந்து பேசிப்போட்டா, நான் பேசுல. அவ்வளவுதான் வித்தியாசம்.”

சிரிப்பு அடங்கிய பிறகு கிளாடிஸ் கடிதத்தைத் தமிழில் சொன்னாள். முடி திருத்தும் கடையின் பின்னறை, ரேடியோ, ஆட்டம், முதலில் சிரித்த சபை. பிறகு பனியனை விரித்துப் பதினான்காம் வரியையும் படித்துக் காட்டினாள். யார் வெட்டியது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

“எங்க ஊட்டுக்காரர் வேலைதானுங்க அக்கா இது” என்றாள் பூவாத்தாள். “எங்க பொண்ணு காதுகுத்துக்கும் அவரேதான் பத்திரிகை அடிச்சாரு. வேலன் மற்றும் குடும்பத்தார்னு. பத்து மாசம் சொமந்தவ குடும்பத்தாருக்குள்ள எங்கியோ இருக்கறா. நம்மூரோட போச்சுன்னு பாத்தா, கப்பல் ஏத்தி அனுப்பறாரு.”

மறுபடி சிரித்தார்கள். பூவாத்தாளும் சிரித்தாள். பிறகு போசியை மூடிவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கிளாடிஸ் முதலாளியின் அறைக்குப் போனாள். லட்சுமணசாமி பொல்லாத மனிதர் அல்ல. பிரதோஷம் தவறாமல் அவிநாசிக் கோயிலுக்குப் போகிறவர். வேலைக்காரர் வீட்டில் நோவு என்றால் தன் காரை அனுப்புகிறவர். அவர் பனியனை வாங்கிக் கையைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

“குடும்பம்னு போட்டா மரியாதைதானுங்க கிளாடிஸம்மா. எங்க ஊட்டுக் கல்யாணத்துலயும் அப்படித்தான் போட்டோம். ஒருத்தரும் கோவிச்சுக்கல.”

“கோவிச்சிருந்தா யாருகிட்டங்கய்யா சொல்லியிருப்பாங்க?”

லட்சுமணசாமி மேசையில் விரலால் தட்டினார். “திங்கக்கெழமை மத்தியானம் லாரி. தூத்துக்குடியில கப்பல் நமக்காக நிக்குமுங்களா? முதுகுல இருக்கறத யாரு படிக்கப் போறாங்க?”

“அந்த ஆறு பேரு படிப்பாங்கங்க.”

“நீங்க சீல் போடுங்க. ஏதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.”

“என்னால முடியாதுங்கய்யா. குறை தெரிஞ்சும் சீல் போட்டா அப்பறம் அந்த சீலுக்கு என்னங்க அர்த்தம்?”

“அப்ப சீல் போட நான் வேற ஆளத்தான் பாக்கோணும்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

கிளாடிஸுக்கு அது ஒன்பது வருஷ வேலை. பையன் ஒன்பதாம் வகுப்பு. அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள். “வேற ஆளப் பாருங்கய்யா. வர்றவங்களுக்கும் இந்தக் காயிதத்தப் படிச்சுக் காட்டீருங்க. நீங்களும் ஒருக்கா கேட்டுருங்க.”

அவர் வேண்டாம் என்று சொல்லாததால் அவள் படித்தாள். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. லட்சுமணசாமி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும், “இதுல காயிதம் எழுதுன பொண்ணு பேரு எதுங்க?” என்றார்.

“பதினாலாவது பேருங்க.”

அவர் முதல் பெயரில் விரலை வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். விரல் ‘ஃபேமிலி’யின் மேல் வந்து நின்றது. “இங்கீங்களா” என்றார். விரலை எடுக்கவில்லை.

அப்போதுதான் வேலன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறை. முந்தின நாள் வீட்டில் அவரும் பூவாத்தாளும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“மொதலாளி, வெட்டுனது நானுங்க. அம்மணி மேல கோவப்படாதீங்க.”

“உன்னத்தான் கூப்பிட்டு உடலாம்னு இருந்தேன், வேலா.”

“அவரு வேணும்னு செய்யலீங்கய்யா” என்றாள் கிளாடிஸ். “பன்னெண்டு வருஷமா பத்திரிகை அடிச்ச கை. தைக்கறதுக்கு முந்தி, வெட்டுன பேனலா இருந்தப்பவே நான் போய்ப் பாத்திருக்கோணும். எம்மேலயும் தப்பு இருக்குதுங்க.”

வேலன் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு உறைக்குள்ளிருந்து நாலு விரல் அகலத்தில் ஒரு ஃபிலிம் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டிய எதையும் எறிந்துவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆறு பெயர்களும் அதில் அப்படியே இருந்தன.

“அடிச்ச மையை எடுக்க முடியாதுங்க. ஆனா மறைக்கலாமுங்க. அந்தக் கடைசி வரி மேல வெள்ளை ரப்பர் மையில ஒரு பட்டை அடிச்சுப்போட்டு, காஞ்சதுக்கப்பறம், பட்டை மேல இந்த ஆறு பேரயும் கறுப்புல அடிக்கறனுங்க. தச்ச பீஸுங்கறதால ஒவ்வொண்ணுக்குள்ளயும் அட்டை சொருகோணும், இல்லாட்டி மை முன்பக்கம் எறங்கீரும். ஆளு வேணும். ரெண்டு நாளு வேணும்.”

“மேல பதிமூணும் கறுப்புல வெள்ளை. கீழ ஆறும் வெள்ளையில கறுப்பு. ஒத்துக்குவாங்களா?” என்றார் லட்சுமணசாமி.

“கேக்கலாமுங்க” என்றாள் கிளாடிஸ். “நடந்தத நடந்தபடி எழுதிக் கேக்கலாமுங்க.”

லட்சுமணசாமி மறுபடி பனியனைப் பார்த்தார். ஏற்றுமதியில் தவறு செய்தவன் தானே முந்திக்கொண்டு அதைச் சொல்வதில்லை. அது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அவருடைய விரல் இன்னும் பனியனின் மேலேயே இருந்தது.

“பேக்ஸ் போடுங்க” என்றார் கடைசியில். “உள்ளதச் சொல்லிப்போடுங்க. வேண்டாம்னுட்டா என்ற நேரம்.”

கிளாடிஸ் எழுதினாள். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் வழக்கம் இது, அந்த வழக்கத்தில் இந்தப் பிழை வந்தது, செய்தவர் நல்ல தொழிலாளி, சரிசெய்ய அவரே வழி சொல்கிறார் என்று எழுதினாள். மன்னிப்பும் கேட்டாள். சனிக்கிழமை காலை பதில் வந்திருந்தது. ‘படித்ததும் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் இதுவரை இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. வெள்ளைப் பட்டை சரி. யோலந்தா.’

அந்தச் சனியும் ஞாயிறும் கம்பெனியில் நடந்தது சாதாரண வேலைதான். பெண்கள் பழைய பெட்டிகளை வெட்டி அட்டை செய்து ஒவ்வொரு பனியனுக்குள்ளும் செருகினார்கள். வேலன் பட்டை அடித்தார். மொட்டை மாடியில் வரிசையாகப் பரப்பி வெயிலில் காயவைத்தார்கள். மாசி வெயில் ஒத்துழைத்தது. காய்ந்ததைக் கீழே கொண்டுவந்தார்கள், வேலன் பெயர்களை அடித்தார், மறுபடி மாடிக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பதினொரு பேரில் பத்துப் பேர் வந்தார்கள். வராதவள் மகளுக்கு அம்மை. அவள் தன் பங்குக்கு ஒரு போசி நிறைய மோர் கொடுத்தனுப்பியிருந்தாள்.

கிளாடிஸ் அன்று ஆராதனைக்குப் போகவில்லை. ஆயருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பத்து மணி சுமாருக்கு, இப்போது இரண்டாம் பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒரு பனியனை உதறி விரித்தாள். அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்று ஆண்டவருக்குத் தெரியாமல் போயிருக்காது.

சாயங்காலத்துக்குள் மேசைப் பெண்களுக்கு ஆறு பெயர்களும் மனப்பாடம் ஆகிவிட்டன. சாந்தாமணி கத்தரியால் தாளம் தட்டிக்கொண்டு, கண்டக்டர் குரலில், யோலந்தா மார்யா இங்கா, ஷிர்லி நாடியா ரெனே என்று கூவினாள். ஒருமுறை வேலனும் மை படிந்த கையோடு நின்று கேட்டுவிட்டு, “நாடியா பேரு கொஞ்சம் எடப்பக்கம் ஒதுங்கி இருக்குதுங்க, அது ஃபிலிம்லயே அப்படித்தான்” என்றார். அந்தப் பெயரைத் தானே கெடுத்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

“பாரு, இப்ப ஒவ்வொருத்தியையும் தனித்தனியாத் தெரியுது இவருக்கு” என்றாள் பூவாத்தாள். வேலன் கொட்டகைக்குத் திரும்பிப் போனார். அவர் சிரித்ததாகச் சாந்தாமணி சொன்னாள், பூவாத்தாள் நம்பவில்லை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளாடிஸ் கடைசிப் பெட்டியில் முத்திரை போட்டாள். லாரி ஒன்றரை மணிக்குப் புறப்பட்டது. லட்சுமணசாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். வேறு ஆளைப் பார்ப்பதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

சித்திரை மாதம் ஹாலந்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. மேடையில் ஆறு பெண்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். தூரத்திலிருந்து எடுத்த படம். மேலே இருந்த பதின்மூன்று பெயர்களும் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிட்டிருந்தன. வெள்ளைப் பட்டைகள் மட்டும் ஆறு விளக்குகள் போலத் தெரிந்தன. லட்சுமணசாமி அதைத் தன் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர்களிடம், நம்ம வேலன் அடிச்சது என்று சொல்வார். பட்டை எப்படி வந்தது என்பதைச் சொல்ல மாட்டார்.

அதே வாரம் சபை நாள் மலருக்கான அச்சுப் பிரதி வந்தது. திருத்தம் பார்த்துத் தரும்படி ஆயர் அதைக் கிளாடிஸிடம் கொடுத்தார். இங்கிலீஷ் பக்கங்களை ஒவ்வொரு வருஷமும் அவள்தான் பார்ப்பாள். இந்த முறை தமிழ்ப் பக்கங்களையும் புரட்டினாள். ஊழியம் செய்தோர் பட்டியல் போன வருஷத்தது அப்படியே இருந்தது. கொயர் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, அன்பின் விருந்து என்று எல்லா இடத்திலும் இன்னார் குடும்பத்தார், இன்னார் குடும்பத்தார். அவள் எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆயர் வயதானவர், பொறுமைசாலி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டியவர், பட்டியல் பக்கத்தில் நின்றார்.

“இதென்னங்கம்மா, செவப்பா?”

“அம்புக்குறிங்கய்யா. எங்க கம்பெனியில, குறை இருக்கற எடத்துல ஒட்டறது.”

அவர் ஒன்பது அம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளாடிஸ் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொக்கி மாட்டினாள். ஆயர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“மொத வரியில இருந்தே சொல்லுங்க” என்றார். “கொயர்ல யாரு யாரு?”